பாதி தூரம் நகர்ந்த வீடு

1

இந்தக் கதை என் சமையலறைத் தரைக்குக் கீழே கிடைத்தது. கற்பனை என்று சொல்லிப் பெயர் வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் பலகையைப் பெயர்த்தவன் லீவை கென்ஜ், எனக்கு இந்த வீட்டை விற்றவன். அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

தரை கடல் பக்கமாகச் சாய்கிறதே என்றுதான் பெயர்த்தோம். கீழே அஸ்திவாரமே இல்லை. முனை சீவிய இரண்டு முழு மரங்கள், பனியில் இழுக்கும் சறுக்குவண்டிக்கு இருப்பதுபோல் நீளமாகக் கிடந்தன.

"வீட்டுக்கு எதுக்கு லீவை சறுக்குக் கட்டை?"

"ஓடறதுக்குத்தான். எங்க கொள்ளுப்பாட்டி டார்கஸ் வச்சது. அந்தக் கயித்தைத் தொடாதப்பா, கையைக் கிழிச்சிடும்."

கயிறும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1886 ஜூன், மூடுபனி விலகிய ஒரு காலையில், டார்கஸ் கடலைப் பார்த்தபடி…" (அடித்துவிட்டேன். நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மேற்குக் கரையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஜூன் மாதக் காலையில் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "மேற்படி உடன்படிக்கையின் ஷரத்தின்படி…" (நீங்களே ஓடிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். கரை பிரிட்டனுடையது. அதில் கோடையில் மீன் பிடித்துக் காயவைக்கும் உரிமை, பழைய உடன்படிக்கைகளின்படி, பிரெஞ்சுக்காரர்களுடையது. மீன் காயும் இடத்தில் யாரும் நிலையாக வீடு கட்டக் கூடாது. அப்படியும் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். கடைசியில் அரசாங்கம் மனமிரங்கிப் பட்டா கொடுத்தது. கொடுத்த பட்டாவின் வாலில், பிரெஞ்சுக்காரர்களின் உரிமைக்கு உட்பட்டது என்று ஒரு வரியையும் சேர்த்தது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

3

டார்கஸ் கென்ஜின் பட்டாவில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வீட்டில் ஐந்து வருடம் இடைவிடாமல் குடியிருக்க வேண்டும். ஒரு நாள் வீடு காலியானாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இரண்டு, பிரெஞ்சுக்காரர்கள் கரையைக் கேட்டால் வீடு அங்கே நிற்கக் கூடாது.

வீட்டை விட்டு இறங்கினால் நிலம் போகும். வீடு நின்றால் வீடே போகும். நானாக இருந்தால் மனு எழுதியிருப்பேன். அவள் மரம் வெட்டப் போனாள்; வீட்டைச் சறுக்குக் கட்டையின் மேல் கட்டினாள். இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: இலையுதிர்காலத்தில் ஊர் திரும்பும் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் படகையும் கொட்டகையையும் யார் காவலில் விட்டுப் போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? இருக்கவே கூடாத இதே ஆட்களிடம்தான். அவர்களுடைய மேஸ்திரி கெர்வெல்லாவின் கொட்டகைச் சாவி எட்டு மாதம் டார்கஸின் இடுப்பில் தொங்கியது.)

4

நாலு வருடம் பத்து மாதம் முடிந்திருந்தது. அந்த ஜூனில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்று புகார் சொல்ல, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் வந்து இறங்கினார். மேட்டில் எல்லைக் கோடாக முளைக்குச்சிகள் அடித்தார்.

"இந்தக் குச்சிக்கு அந்தப் பக்கம் போகணும்மா. சாயங்காலம் அலை ஏறறதுக்குள்ள."

"வீடு போனாப் போதுமா, நானும் போகணுமா?"

"வீடுதான்."

"அப்ப நான் உள்ளயே இருக்கேன். ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு."

அடுப்பை அணைக்கவில்லை. கணவன் ஆம்ப்ரோஸ் உருளைக்கட்டை போட்டான். மேஸ்திரி கெர்வெல்லா படகு இழுக்கும் சுழல்மரத்தை மேட்டில் ஊன்றி, வீட்டின் பின்புறம் கயிறு கட்டினார். பிரெஞ்சுக்காரர் எட்டுப் பேரும் ஊர்க்காரர் பதினொரு பேரும் சேர்ந்து சுற்றினார்கள். புகைபோக்கி புகைய, வீடு பின்பக்கமாக மேடேறியது.

"மதாம், மெதுவாவா, வேகமாவா?" என்று கத்தினார் மேஸ்திரி.

"ரொட்டி அமுங்காம இழு மேஸ்திரி. அமுங்குச்சுன்னா உனக்குத்தான் அது."

5

இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கெர்வெல்லா இவ்வளவு நல்லவரா? யார் உரிமைக்காக வீடு நகர்கிறதோ, அவரே இழுப்பாரா? எழுதியதை லீவையிடம் படித்துக் காட்டினேன்.

"இழுத்தானா? அவன் பாட்டுதான் பாடினான். இழுத்ததெல்லாம் எங்காளுங்க."

"சரி, ஏன் பாடணும்?"

"இவ ஊரைவிட்டுப் போயிட்டா குளிருக்கு அவன் படகை எவன் பாத்துப்பான்? என்ன எழுத்தாளனப்பா நீ."

6

இனி முடிவு. வீட்டின் பின்பாதி குச்சிகளைத் தாண்டியபோது கயிறு விட்டது. வீடு நின்றது. சமையலறை கோட்டுக்கு அந்தப் பக்கம், முன்னறை இந்தப் பக்கம்.

"வேற கயிறு?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க," என்றார் கெர்வெல்லா. அவர் கொட்டகையில் மூன்று சுருள் இருந்தது. அது சாவிக்காரி டார்கஸுக்கும் தெரியும்.

"அம்மா, நீங்க கோட்டுக்கு உள்ளயா, வெளியிலயா?"

"நான் வெளியிலதான் இருக்கேன். முன்னால இருக்கறது வெறும் நாற்காலி. ரொட்டி சாப்பிடறீங்களா?"

அலை ஏறிவிட்டது; கப்பல் கிளம்பியாக வேண்டும். அகற்றியாயிற்று என்று எழுதிக்கொள்கிறேன், மிச்சத்தை நாளைக்கு இழுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு ரொட்டியோடு அதிகாரி கப்பல் ஏறினார். அந்த நாளை வரவேயில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து வருடம் நிறைந்தது. 1904இல் எங்கோ தலைநகரங்களில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு அந்தப் பிரெஞ்சு உரிமையை முடித்துக்கொண்டார்கள். முன்னறை இருந்த இடத்திலேயே அவளுடையதாயிற்று.

ஆனால் கயிறு எப்படி விட்டது? தானாக அறுந்ததா? பாட்டு நடுவே மேஸ்திரி கைவரிசை காட்டினாரா? மேட்டுக்கு மேலே வெறும் சதுப்பு. முழுக்க ஏறியிருந்தால் வீடு ஒரே வருடத்தில் புதைந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். கயிறு கட்டியிருந்தது பின்பக்க ஜன்னலுக்கு நேர் கீழே. அவள் கையில் ரொட்டிக் கத்தி.

கயிறு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. விட்ட முனையை யாரோ மெழுகு நூலால் இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவிழ்த்தால் தெரிந்துவிடும்: பிய்ந்ததென்றால் நார் நாராக இருக்கும், வெட்டியதென்றால் சீராக இருக்கும்.

நான் அவிழ்க்கப்போவதில்லை. எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. நீங்கள் வந்தால் அவிழ்த்துக்கொள்ளுங்கள். கடல் பக்கம் சாய்ந்து நிற்கும் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என்ன இருந்தது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.