இணைப்புக்குப் பத்து மதிப்பெண்

ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் லீலா ஏழு வருடமாகச் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்திவந்தாள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலை. ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் அவள் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த உறுத்தலில், மருத்துவப் பாடம் எடுக்கும் அன்பரசுவிடம் பேசி, இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடு வைத்தாள். ஒரு தெருவின் தண்ணீரைச் சோதிக்க இருபது மதிப்பெண். அங்குள்ளவர்களின் உடல்நிலையை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்ய இருபது. இரண்டையும் பொருத்திப் பார்த்து எழுதப் பத்து.

பெரும்பாலானவர்கள் அந்தப் பத்துக்கு இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். ராதிகா நான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

சாயப் பட்டறைக் கழிவு ஓடும் கால்வாயை ஒட்டிய தெரு. பதினான்கு வீட்டு போர் தண்ணீரைக் கல்லூரி ஆய்வகத்திலேயே சோதித்திருந்தாள். கால்வாய்க்குப் பக்கத்து ஆறு வீடுகளில் குரோமியம் அளவு மீறியிருந்தது. அந்த ஆறில் நான்கு வீடுகளில் சிறுநீரகம் கெட்டவர்கள் இருந்தார்கள். தள்ளியிருந்த எட்டு வீடுகளில் ஒரே ஒருவர். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்துவிட்டு நிதானமாக முடித்திருந்தாள்: "பதினான்கு வீட்டை வைத்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய், மாத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்து முடிக்கும்வரை இந்த ஆறு வீட்டாரும் இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது."

லீலா பத்துக்குப் பத்து போட்டாள்.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். ராதிகா எழுதியதை அன்பரசு முந்திக்கொண்டு அவரிடம் சொல்லியிருந்தார். கால்வாயோரப் பட்டறைகளில் இரண்டு தாளாளரின் மைத்துனருடையவை.

"தண்ணியப் பத்தி எழுதட்டும், வேணாம்னு சொல்லல. கிட்னியப் பத்தியும் எழுதட்டும். ரெண்டுத்தையும் ஏம்மா முடிச்சு போடணும்? நாளைக்கு எவனாவது வாட்ஸ்அப்ல போட்டா யாருக்கு பேஜாரு?"

"சேர்த்துப் பாக்கறதுக்குத்தான் சார் இந்த மதிப்பீடே."

"அப்ப அது வேணாம். இருபத்தஞ்சு இருபத்தஞ்சா பிரிச்சிடுங்க. அந்த நாலு பக்கம் இங்கியே இருக்கட்டும். ஜூன்ல உங்களுக்கு ரினியுவல் வருது இல்ல?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. லீலா, கொண்டுவந்திருந்த விடைத்தாளின் பின்னைக் கழற்றி நான்கு பக்கங்களையும் மேசைமேல் வைத்தாள்.

விடைத்தாளை வாங்கிய ராதிகா ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"நாப்பத்தெட்டு போட்டுகிறீங்க மிஸ். நான் எழுதினதுல நாலு பக்கம் காணோம்."

"மார்க் போடுற முறை மாறிடுச்சி. உனக்கு ஒண்ணும் கொறையலியே."

"அந்த ஆறு வீட்டுல ஏழாம் நம்பர் எங்க வீடு மிஸ். எங்கம்மா வாரத்துக்கு ரெண்டு தபா வேலூருக்கு டயாலிசிஸ் போய்கினு இருக்காங்க. மார்க்குக்காகவா நான் வீடு வீடா போனேன்?"

லீலா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"காப்பி வச்சிருக்கியா? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

ராதிகா விடைத்தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

மனு கொடுத்தாள். அலுவலகத்தில் அதை இரண்டு நகலாக்கி இரண்டு துறைகளுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பதில்கள் வந்தன. தண்ணீரில் மாசு உண்டு, ஆனால் யாருக்கும் பாதிப்பு என்று தகவல் இல்லை என்றது ஒன்று. நோயாளிகள் உண்டு, தண்ணீர் தங்கள் பொறுப்பில் வராது என்றது மற்றது. இரண்டையும் படம் எடுத்து லீலாவின் போனுக்கு அனுப்பினாள் ராதிகா. லீலா பதில் எழுதவில்லை. அதற்குள் அவள் வேலை புதுப்பிக்கப்பட்டிருந்தது.

ஐப்பசியில் ராதிகாவின் அம்மா கலையரசி இறந்துபோனாள். லீலா துக்கம் கேட்கப் போனாள். நல்ல வெயில். யாரோ ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். லீலா வாங்கினாள், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ராதிகா அதைக் கவனித்தாள்.

"கேன் தண்ணிதான் மிஸ்," என்றாள். "குடிங்க."