தடித்த முனை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சமையலறையில் கிடைத்தது. கிடைத்தது என்ன, வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்ததற்கு வந்த தண்டனை. கனடாவின் வடக்கே, ஊங்காவா விரிகுடாக் கரையிலுள்ள இந்த ஊர்ப் பள்ளியில் பதினொரு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். நாலு முறை எழுதத் தொடங்கி நாலையும் கிழித்தாயிற்று. முதல் தொடக்கம் இப்படி:

வெண்பனி எல்லையின்றி விரிந்து கிடந்த அந்த —

சகிக்கவில்லை. பனியை ரசிக்க இங்கே யாருக்கு நேரம்?

2

அலாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் புட்டுலிக் போன செப்டம்பரில் இறந்துபோனார். விட்டுப்போனது பனிமேல் ஓடும் ஒரு ஸ்னோமொபைல் வண்டி. அதன் முன்பக்கச் சறுக்குப் பலகைகள் இரண்டும் பாறையில் அடிபட்டு விரிசல் கண்டவை. அவர் இருந்தவரை அலாசி பின்சீட்டில். அவர் போனபின், யாராவது இரக்கப்பட்டுத் தன் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் மரச் சறுக்குச் சட்டத்தில், மூட்டையோடு மூட்டையாக. மீன் ஏரிக்குப் போக ஊரெல்லாம் கேட்டு நிற்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

"சும்மா கெடக்குற வண்டிதானேக்கா, என் பையனுக்குக் குடுத்துடேன்," என்றான் தம்பி துமாசி.

"ஈஸ்டருக்குள்ள நானே சரி பண்ணி ஓட்டறேன். முடியலைன்னா எடுத்துக்க. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

(துமாசியை வில்லனாக்க ஒரு நாள் முழுக்க முயன்றேன். ஒட்டவில்லை. வாரம் தவறாமல் அக்காவுக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவனை என்ன செய்ய?)

3

புதுப் பலகைகள் விமானத்தில் வந்தன. வெளியே மைனஸ் இருபத்தைந்து. அதனால் வண்டியின் முன்கால்களையும் கழற்றி உள்ளே கொண்டுவந்தாள்; வேலை சமையலறைத் தரையில்.

பலகைக்கும் வண்டியின் காலுக்கும் நடுவே ஒரு ரப்பர் உட்காரும். ஆப்பு மாதிரி, ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிசு. தடித்த முனை பின்னால் இருந்தால் பலகையின் மூக்கு நிமிர்ந்து நிற்கும், முன்னால் இருந்தால் பனிக்குள் குத்தும். இதற்கு மேல் இயந்திர அறிவு இந்தக் கதைக்கு வேண்டாம்.

தாளிலிருந்த படத்தில் பலகையின் மூக்கு இடப்பக்கம். தரையில் கிடந்த பலகையின் மூக்கோ, அலாசி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம். ரப்பரை வெந்நீரில் இளக்கி, முழங்காலால் அழுத்தி, இரண்டையும் முன்பின் மாற்றி மாட்டிவிட்டாள்.

அப்போது அங்கே நாங்கள் மூன்று பேர்: பக்கத்து வீட்டு லிடியா, துமாசி, நான். இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. வருவார்கள், தேநீர் ஊற்றிக்கொள்வார்கள், போவார்கள். மூன்று பேரும் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த ஆள் ஒருவர் வேலை செய்யும்போது அது தப்பு என்று சொல்வது இந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவராகக் கேட்டால் மட்டும் சொல்லலாம்.*

"புட்டுலிக் இருந்தா இந்நேரம் நாலு கெட்ட வார்த்தையாவது காதுல விழுந்திருக்கும்," என்றாள் லிடியா. "நீ என்னடி, சர்ச்சுல உக்காந்த மாதிரி வேலை செய்யற."

"வாத்தியாரே, டீ ஆறுது," என்றாள் அலாசி. "நான்தானே முறுக்கறேன், உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல."

துமாசி மீன் துண்டை மென்றபடி, "நல்லா இறுக்குக்கா," என்றான்.

என்னை வதைப்பது இந்த வரிதான். இது மரியாதையா, வண்டி மேலுள்ள ஆசையா? எழுதுகிறவனுக்கே தெரியாவிட்டால் எப்படி?

\* வந்த புதிதில் ஒருவர் வலை பின்னுவதைத் திருத்தப் போனேன். இரண்டு மாதம் யாரும் என் வீட்டுக்கு வரவில்லை.

4

முடிவு ஒன்று: ஏரிப் பாதையில் மூக்குக் குத்தி வண்டி கவிழ, அலாசி — இல்லை. அவளைக் கொல்ல நான் யார்?

முடிவு இரண்டு: துமாசி மனம் கரைந்து, யாருக்கும் தெரியாமல் ரப்பரை மாற்றி — சினிமா. வேண்டாம்.

நடந்ததையே எழுதித் தொலைக்கிறேன். புனித வெள்ளி காலையில் கால்களைப் பூட்டி வண்டியைக் கிளப்பினாள். பத்தடிகூடப் போகவில்லை. பலகைகள் பனியை உழுதுகொண்டு உள்ளே போக, அவள் கைப்பிடி மேல் விழுந்தாள். ஊரே ஜன்னலில் நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி குத்தியது. இறங்கி, மண்டியிட்டு, பலகை மேல் கையை வைத்துத் துழாவினாள். தடித்த முனை முன்னால் இருந்தது கைக்குத் தட்டுப்பட்டது.

பிறகு எல்லாவற்றையும் கழற்றினாள். மதியத்துக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அவள் ஏரிக்குப் போகவில்லை. நேரே துமாசி வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கே பாத்தியாடா?"

துமாசி புருவத்தைத் தூக்கினான். இங்கே அதற்கு ஆமாம் என்று பொருள்.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேக்கா."

அவள் கத்தவில்லை. அவன் முகத்தையே தேடினாள். அவனுக்கே பதில் தெரியாது என்று நினைக்கிறேன். வண்டி இனி அவளுடையதுதான். தம்பி மட்டும் — (இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

5

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

என் பதிலை மூன்று விதமாக எழுதி அடித்துவிட்டேன். மூன்றிலும் நான் நல்லவனாக வருகிறேன், எப்படி நம்புவது?

அதனால் உங்களிடமே விடுகிறேன். ரப்பர் முன்பின் மாறி இருந்தது உங்களுக்கும் அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் வேடிக்கை பார்த்தீர்கள். அலாசி கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறாள். பதில் கேட்காமல் நகரமாட்டாள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், புருவத்தைத் தூக்கினாலே போதும்.