வாய்க்கால்வாய்

கம்பில் கட்டின சிவப்பு நாடா காற்றில் படபடக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தக் கம்பைப் பிடித்திருக்கிறேன், கம்பெனி நட்ட கம்பு, என் கூந்தல் அவிழ்ந்து முகத்தில் அடிக்கிறது, அப்படியே விடு, கையை எடுக்காதே என்கிறார் என் புருசன் எமிலியாம்பிள்ளை, அவர் போய்ப் பத்தொன்பது வருடம், ஆனாலும் அந்தோனியார் கோயில் வாசலில் பானையைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார், பானைக்குள் அறுபத்திரண்டு பெயர்த்துண்டுகள், வலை கட்டும் இடம் யாருக்கு எதுவென்று திருநாள் முடிந்த ஞாயிறு பானைதான் சொல்லும், ஒரே ஒரு வருடத்துக்கு, அவர் செத்த வருடம் அவர் துண்டை எடுத்துவிட்டு என் பெயரை எழுதிப் போட்டேன், பொம்பிளை கட்டின வலைக்கு மீன் வெக்கப்படுமே என்று ஆண்கள் சிரித்தார்கள், பத்தொன்பது முறையும் சேற்றுப் பக்கமே விழுந்தது, இந்த முறை வாய்க்கால்வாய், கடலிலேயே நல்ல இடம், துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதேன், மூன்றாம் நாள் சங்கத் தலைவர் அருளப்பு கடுதாசியோடு வருகிறார், மச்சாள், ஒரு கையெழுத்துத்தானே, சீனாக்காரர் உம்மட இடத்தில கடலட்டைப் பண்ணை போடுகினம், இறங்குதுறை கட்டித் தருகினமாம், ஐஸ் அறையும் வருதாம், உமக்கென்ன விசரே, எத்தனை வருசத்துக்கு என்றேன், பத்து, பத்து வருசம் ஒருத்தருக்கே விழுந்த கதை உண்டோ அருளப்பு, அவர் தலையைச் சொறிகிறார், பின்னால் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சீனாக்காரர், வெயிலில் சிவந்த முகம், பாவமாகத்தான் இருந்தது, தண்ணி கொடுத்தேன், மொழிபெயர்க்கிற விமலனிடம் சொன்னேன், தம்பி, இவரையும் பேரை எழுதிப் பானைக்குள்ள போடச் சொல்லும், விழுந்தால் ஒரு வருசம் கட்டட்டும், ஒருத்தரும் மறிக்கமாட்டம், அவர் கேட்டுச் சிரித்தார், கம்பெனி அதிஷ்டத்தை நம்பி வராதாம் அன்ரி, அப்ப நாங்கள், நாங்கள் எதை நம்பி இருந்தனாங்கள் என்று கேளும், விமலன் அதை மொழிபெயர்க்கவில்லை, நான் கையெழுத்தும் வைக்கவில்லை, இன்று விடியக் கம்பு நின்றது, இதோ அசைக்கிறேன், மணல் விடவில்லை, கரையிலிருந்து அருளப்பு கத்துகிறார், மச்சாள், பொலிஸ் வரும், வரட்டும், துண்டு முந்தானையில இருக்கு, வாசிக்கக் குடுக்கிறன், இன்னொருமுறை அசைக்கிறேன், பானையைக் குலுக்குவதுபோல, கழன்று வருகிறது, அந்தக் குழிக்குள்ளேயே வலை கட்டக் கொண்டுவந்த என் பூவரசங்கம்பை இறக்கிவிட்டேன், நாளைக்கும் நடுவார்கள், நாளைக்கும் வருவேன், அடுத்த திருநாள் வரைக்கும் இது என் இடம், அதற்குப் பிறகு பானை யாரைச் சொல்கிறதோ அவருடையது, சிவப்பு நாடாவை அவிழ்த்து என் கொண்டையை இறுகக் கட்டிக்கொள்கிறேன், இனிக் கண்ணை மறைக்க ஒன்றுமில்லை, வலையை எடுக்கிறேன்.