முதுகில் ஓடிய கன்னி

தொட்ட கை அழுகட்டும் என்று அம்சம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, தொட்டவர்களில் அவள் புருஷன் வீரையனும் இருந்தான். நாலு வயது மகள் செங்கமலத்தின் முதுகில் ஊரின் நிலங்கள் தெரிய ஆரம்பித்து அன்றோடு ஒன்பது நாள்.

எல்லாம் ஒரு சொல்லில் வந்த வினை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். வாசலிலிருந்து குளத்தடி போவதற்குள் மூன்று தரம் 'தூக்கும்மா' என்றது. ஒருநாள் குளிப்பாட்டும்போது முதுகில் நீலமாக ஒரு கோடு கிடந்தது. விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. நடவு வயலில் பக்கத்தில் குனிந்திருந்த ராமாயியிடம், "புள்ள முதுகுல கன்னிப்போயிருக்குக்கா," என்றாள் அம்சம். ரத்தம் கன்றிப்போனதைத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கத்தில் வயலுக்கு வயல் தண்ணீர் கொண்டுபோகிற சின்ன வாய்க்காலுக்கும் கன்னி என்றே பேர். ராமாயி காதில் அப்படித்தான் விழுந்தது. "எந்தக் கன்னிடி? எங்கேருந்து எங்க போவுது?" என்று கேட்டவள், சாயங்காலம் வந்து கவுனைத் தூக்கிப் பார்த்தாள். "ஆத்தாடி, நம்ம கருவேலங்கன்னில்ல இது!" என்றாள். பிசகில்லை. வாய்க்கால் வளைகிற இடத்தில் கோடும் வளைந்தது. மதகு இருக்கும் இடத்தில் மதகு இருந்தது.

கழகம் ஆட்சிக்கு வந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. மிராசுதார் ரெங்கசாமி சட்டத்துக்கு அடங்கியவர். தம் பேரில் பதினாலே முக்கால்தான் வைத்துக்கொண்டார். மீதியைச் செத்துப்போன சித்தப்பா பேரிலும், பிறக்காத பேரன் பேரிலும், லட்சுமி என்ற கறவை மாட்டின் பேரிலும் எழுதிவைத்தார். பத்திரத்தில் லட்சுமியின் குளம்பு ரேகை சுத்தமாகப் பதிந்திருந்தது. எந்த வயல் உண்மையில் யாருடையது என்று எந்தக் காகிதத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. செங்கமலத்தின் முதுகைப் பார்த்தால் சொல்ல முடிந்தது. ரெங்கசாமி ஒளித்துவைத்த வயல்கள் மட்டும் ஒவ்வொன்றாக, வரப்பு வரப்பாக, நீலம் பாரித்து எழும்பின.

விவசாயச் சங்கத்துச் சிங்காரவேலு சர்வே சங்கிலியோடு போய் அளந்து பார்த்தார். ஒரு லிங்க்ஸ்கூட, ஒரு சாண்கூடத் தப்பவில்லை. அதன்பிறகு தெருவே வந்தது. "இது எங்கப்பன் உழுதது," "இதுல நான் முப்பது வருசம் அறுத்தேன்," என்று ஆளுக்கு ஒரு விரலை வைத்து அழுத்தினார்கள். அழுத்திய இடம் மறுநாள் காலையில் இன்னொரு வயலாகியிருந்தது. போய் அளந்தால் அதுவும் இருந்தது. நீலம் பச்சையானபோது, "பயிரு புடிச்சிட்டு" என்றார்கள். பச்சை மஞ்சளானபோது, "முத்திட்டு, இனிமே அறுப்புதான்" என்று சிரித்தார்கள். முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை யாரும் பார்க்கவில்லை. முகத்தில் நிலம் எதுவும் இல்லை.

அம்சமும் சங்கத்துக்காரிதான். கொடி பிடித்தவள், கூலி கேட்டதற்குத் தண்டனையாகச் சாணிப்பால் குடித்தவருடைய பேத்தி. அதனால்தான் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ரெங்கசாமியை வெறுப்பது சுலபம், பழகிய வேலை. தன் ஆட்களை வெறுப்பது, சோற்றில் கல் கடிபட்டுத் துப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. இரண்டாம் நாள், குழந்தை தூங்கும்போது, அவளே கவுனை விலக்கித் தனக்கு ஒரு துண்டு இருக்கிறதா என்று தேடினாள். இடது விலா எலும்புக்குக் கீழே, மதகை ஒட்டி, நல்ல பாய்ச்சலான இடமாக இருந்தது. அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கோபத்தில் பாதி அந்த நொடியின் மேல்தான்.

எட்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் கீழ்வேளூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கம்பவுண்டர் அப்துல் வஹாப் முதுகைப் பார்க்கவேயில்லை. இமையை இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். காலைத் திருப்பி, அங்கே சிவப்பாகப் பொடிப்பொடியாக இருந்த புள்ளிகளைப் பார்த்தார். அவற்றை நாற்றங்கால் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

"பாய், அதுவும் நெலமா?"

"நெலமாவது ஒண்ணாவது! ரத்தத்துல என்னமோ கோளாறும்மா. தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்குப் போங்க. நாளன்னைக்குன்னு வைக்காதீங்க."

மறுநாள்தான் ரெங்கசாமியின் நிலங்களைப் பற்றித் தாசில்தார் விசாரணைக்கு வருகிற நாள். விடிந்ததும் ரெங்கசாமியின் காரியக்காரர் துரைராசு புதுச்சட்டை ஒன்றோடு வந்தார். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடுகிற சட்டை. "ஐயா குடுக்கச் சொன்னாங்க. ஆபீசருங்க போறவரைக்கும் புள்ளைய வெளியில காட்டாத," என்றார். அவர் தலை மறைந்ததும் சிங்காரவேலு வந்தார். "ஒரே ஒரு மணி நேரம் தங்கச்சி. நூத்திருவது குடும்பம் உம் புள்ளையத்தான் நம்பியிருக்கு." வீரையன் தரையைப் பார்த்தபடி, "காட்டிட்டு அடுத்த பஸ்ஸுல போவலாம் புள்ள," என்றான். அடுத்த பஸ் சாயங்காலம். அம்சம் பழைய கவுனையே மாட்டிக் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். போன மாதத்தைவிடக் கனம் குறைந்திருந்தது.

பத்து மணி பஸ் பள்ளிக்கூடத்து வாசலில்தான் நிற்கும். விசாரணையும் அங்கேதான். அவளைக் கண்டதும் கூட்டம், தனக்காகத்தான் வருகிறாள் என்று நினைத்து வழிவிட்டது. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மாட்டின் பத்திரத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தார்.

"இதானா அந்தப் புள்ள? கன்னியெல்லாம் தெளிவாத் தெரியுதாமே. கவுனத் தூக்கும்மா, பாப்போம்."

நூற்றிருபது குடும்பமும் எட்டிப் பார்த்தது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

"மாட்டேங்க," என்றாள் அம்சம். குரல் உயரவில்லை. "அது கன்னி இல்லீங்க. எம் புள்ளைக்குக் கன்னிப்போயிருக்கு."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குழந்தையின் கழுத்தோரம் புதிதாக ஒரு கோடு எழும்பி மேற்கே போனது. அது தஞ்சாவூர் ரோடு என்று பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "எங்க, கொஞ்சம் காட்டு," என்றாள். அம்சம் முந்தானையை இழுத்து மூடினாள்.