தோலுக்கு வந்தவரிடம் நெஞ்சைக் கேட்டார்கள்

"டாக்டரம்மா, நான் தோலுக்காக்கும் வந்தது" என்றார் ததேயுஸ்.

"தெரியும். கையை நீட்டுங்க."

"இது பிரஷர் பாக்குத மிசினுல்லா? அடுத்த ரூம்காரருக்க மிசினு மாறி வந்துட்டோ?"

"மாறலை. பேசாம இருங்க. பேசினா அளவு கூடும்."

"அவரு பேசாம இருக்கணும்னா அந்தப் பட்டைய வாயிலயும் ஒரு சுத்து சுத்துங்க" என்றாள் அவர் மனைவி ஞானசெல்வி.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தோல் கிளினிக்குக்கு இரண்டு பேரும் கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். ததேயுஸ் ஐம்பதைத் தாண்டியவர், வள்ளத்தில் கடலுக்குப் போகும் மீனவர். பல வருடமாக முழங்கையிலும் முழங்காலிலும் முதுகிலும் சிவந்த திட்டும் வெள்ளைச் செதிளுமாக சொரியாசிஸ். மீன் பிடித்துப் பிடித்து மனுசனுக்கும் செதிள் முளைத்துவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

டாக்டர் ரஷ்மி அந்தக் கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர். பட்டையைக் கழற்றியதும் இடுப்பை அளந்தார். எடை பார்த்தார்.

"சட்டை தைக்கவா டாக்டரம்மா?"

"இல்லை. சொரியாசிஸ் தோலோட நின்னுபோற நோய் இல்லை. உடம்புக்குள்ளேயே ஒரு அழற்சி இருக்கும். ஒரு கொதிப்புன்னு வச்சுக்கங்க. தோல்ல அது செதிளாத் தெரியுது. அதே கொதிப்பு ரத்தக்குழாயையும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக் கெடுக்கும். இந்த நோய் இருக்கவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். அதான் பிரஷர், சுகர், கொழுப்பு எல்லாம் பாக்கணும். நடக்கும்போது, மேடு ஏறும்போது நெஞ்சு அடைக்குதா?"

"எனக்கா? நல்ல கதை! எங்க திருவிழாவுல வடம் இழுத்தா கடைசி ஆளு நாந்தான். வடத்த இடுப்புல சுத்திட்டு நின்னேன்னா லாரி வந்து இழுக்கணும்."

சொன்னது பொய். கொஞ்ச நாளாகக் கடற்கரை மணல் மேட்டை ஏறும்போது பாதியில் நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் விடும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை திருவிழாவில் வடம் இழுக்கும் போட்டி, இரண்டு அணி எதிரெதிரே நின்று கயிறு இழுப்பது. இப்போது சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள்.

டாக்டர் ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தார். இதய டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். களிம்பு எழுதி, "இதை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது" என்றார்.

"திருவிழா கழியட்டும், எல்லாம் பாத்துருவோம்" என்று எழுந்துவிட்டார் ததேயுஸ்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுசீந்திரம் தாண்டும்வரை பேச்சே இல்லை. ஞானசெல்விக்கே பயமாகிவிட்டது.

"என்ன, வாய்ல கொழுக்கட்டையா?"

"ஏட்டி, இப்பளாக்கும் எனக்கு விசயம் மனசிலாச்சு."

"என்ன மனசிலாச்சு?"

"இது வெளிய வரப் பாக்குது. நாம களிம்பு போட்டு அமுக்குதோம். வெளிய வழி இல்லேன்னா அது என்ன செய்யும்? நேரே நெஞ்சுக்குப் போவும். டாக்டரம்மா வாயாலயே சொல்லிட்டா."

"அவ அப்பிடியா சொன்னா?"

"வேற எப்பிடி? வள்ளத்துக்க ஓட்டைய வெளிய அடைச்சுட்டு, உள்ள கெடக்க தண்ணிய இறைக்காம விட்டா என்ன ஆவும்?"

"நீரு வள்ளமா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நெஞ்சுக்குப் போவும்னு சொன்னீரே, உமக்கு நெஞ்சுல என்னவும் செய்யுதா?"

"அதுவும் பேச்சுக்குத்தான். கண்டக்டரு பாக்கான், சும்மா இரி."

வீட்டுக்கு வந்ததும் களிம்பை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். "நானே போட்டுக்கிடுதேன்" என்றார். வழக்கமாக முதுகுக்கு ஞானசெல்விதான் போட்டுவிட வேண்டும். எட்டாத இடத்துக்கு எப்படிப் போடுவாராம் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஆனால் கொடியேற்றம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, விருந்தாள் என்று வேலை தலைக்கு மேல் கிடந்தது. விட்டுவிட்டாள்.

அந்த வாரத்தில் திட்டுகள் தீயாகச் சிவந்தன. செதிள் பாயெல்லாம் உதிர்ந்தது. ததேயுஸுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? வெளிய வந்தாச்சு. இனி நெஞ்சு காலி."

"இது என்ன கூத்து! களிம்பு போடுதீரா இல்லியா?"

"போடுதேன் போடுதேன்."

நெஞ்சு காலியாகவில்லை என்பது அவருக்கு மணல் மேட்டில் தெரிந்தது. இன்னும் முழுசாக வெளியே வரவில்லை, அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் போட்டிக்குப் போன பிறகு, ஞானசெல்வி தூண்டில் பெட்டியை நகர்த்திப் பெருக்கினாள். பெட்டிக்குப் பின்னால் களிம்பு டியூப்புகள் மூடிகூடத் திருகாமல் கிடந்தன. மருந்துச் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, ததேயுஸுக்க வீட்டுக்காரியாக்கும். அவரு மருந்து போடல்ல. போட்டா நோய் உள்ள போவும்னு ஒளிச்சு வச்சிருக்காரு."

"களிம்பு போட்டா உள்ளே போகாதும்மா. போடாம விட்டாதான் கெடுதல். அது இருக்கட்டும், அன்னைக்கு நெஞ்சைப் பத்திக் கேட்டப்போ அவசரமாச் சிரிச்சாரே. மேடு ஏறும்போது எங்கேயாவது நிக்கிறாரா?"

"நிப்பாரு. என்னன்னு கேட்டா கடல் பாக்கேன்னு சொல்லுவாரு."

"அவருக்கு என்ன தொழில்?"

"கடலுத்தான்..."

சொல்லிவிட்டு ஞானசெல்வி நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடக்கிற மனுசன் நின்று எதைப் பார்ப்பார்?

"இப்போ எங்கே இருக்கார்?"

"வடம் இழுக்கப் போயிருக்காரு."

"விடாதீங்க! இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க, வண்டியில வாங்க."

கோயில் முன் திடலில் ஊரே நின்றது. அந்தக் கிறிஸ்தவக் கோயில் பங்கில் தெருவுக்கு ஒரு அன்பியம், அதாவது குடும்பங்கள் சேர்ந்த குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பேர். அன்றைக்கு அந்தோணியார் அன்பியத்துக்கும் செபஸ்தியார் அன்பியத்துக்கும் இறுதிப் போட்டி. அந்தோணியாருக்குத் தலைவன் ஞானசெல்வியின் தம்பி ஆன்ட்ரூஸ். செபஸ்தியாருக்கு ஆட்டோக்காரர் சிலுவைதாசன். ததேயுஸ் அந்தோணியார் பக்கம் கடைசியில் நின்று வடத்தின் வாலை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞானசெல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் வடத்தைப் பிடித்தாள்.

"ஏலே ஆன்ட்ரூஸ், இந்த மனுசன இழுக்க விடாத!"

"அக்கா, விசிலடிக்கப் போறாவ, மாறி நில்லு!"

"ஏட்டி, மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார் ததேயுஸ்.

எதிர்ப்பக்கம் சிலுவைதாசனுக்கு வாய் சும்மா இருக்குமா? "விடுங்க ஓய், மைனியும் நிக்கட்டும். அப்பவும் நாங்கதான் ஜெயிப்போம்!"

திடல் சிரித்தது. ஞானசெல்வி சிரிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக் கொடிமரத்தில் வைத்தாள். திருவிழாக் கொடி ஏறி இறங்கும்வரை அந்த மரத்தைத் தொட்டு யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். அறுந்த வலைக்குச் சண்டை, அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும்.

"இப்பச் சொல்லும். மேடு ஏறும்போ நிக்கீரே, கடல் பாக்கவா?"

ததேயுஸ் மேலே கொடியைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். மரத்தை விட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ஏட்டி, இத வீட்டுல வச்சுக் கேட்டிருக்கப்பிடாதா?"

"வீட்டுல கேட்டா நீரு சொல்லுவீரா?"

அவர் குரல் இறங்கியது. "இல்ல. கடல் பாக்க இல்ல. நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சமாதிரி இருக்கும். நின்னா எறங்கும்."

விசில்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"மச்சான்!" ஆன்ட்ரூஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "இந்த நெஞ்ச வச்சிட்டா இடுப்புல வடத்தச் சுத்தினீரு? செத்துக் கித்துப் போயிருந்தா அக்காக்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"கப்பு போச்சேன்னு சொல்லிருப்பே."

"சிரிக்கப்பிடாது ஓய்" என்று சிலுவைதாசன் வடத்தைக் கீழே போட்டார். "ஏறும் ஆட்டோவுல. மைனி, நீங்களும் ஏறுங்க. எங்க பக்கமும் ஒரு ஆளு கொறவு, கணக்கு சரியாச்சு. அவனுவ இழுத்துக்கிடட்டு."

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் குழாய் விட்டுப் பார்த்ததில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் இல்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் இதய டாக்டர்.

டாக்டர் ரஷ்மி வார்டுக்கே வந்து பார்த்தார்.

"வெளிய வந்தா உள்ள கொறையும்னு நெனச்சேன் டாக்டரம்மா."

"கொதிப்பு ஒண்ணுதான். வெளியே கூட விட்டா உள்ளேயும் நல்லதில்லை. தோலுக்கும் வைத்தியம், நெஞ்சுக்கும் வைத்தியம், ரெண்டும் சேர்ந்து நடக்கணும். பீடி வேண்டாம். உப்பு குறைக்கணும்."

"உப்பு கொறைக்கணுமா? கருவாட்டுக்க கதி?"

"கருவாட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஞானசெல்வி.

டாக்டர் போனதும் அவள் டியூப்பின் மூடியைத் திருகினாள்.

"ஏட்டி, யாரு ஜெயிச்சா? ஆன்ட்ரூஸு வந்தான், அவனும் சொல்லல்ல. நர்சுகிட்டக்கூடக் கேட்டுப் பாத்தேன்."

"முதுகக் காட்டும். போட்டுட்டுச் சொல்லுதேன்."

கைதட்டிக் கூப்பிட்டால்கூடத் திரும்பாத மனுசன் மறுபேச்சில்லாமல் திரும்பி உட்கார்ந்தார். அவள் மேலிருந்து கீழே நிதானமாகத் தடவினாள்.

"இப்பச் சொல்லு."

"தோத்துட்டோம். விசிலடிச்ச உடனே அம்புட்டுப் பேரும் மூக்குக் குத்த விழுந்தானுவ."

ததேயுஸின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டதோ என்று அவள் எட்டி முகத்தைப் பார்த்தாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லேன்னு ஆன உடனேயா விழுந்தானுவ?"

"ஆமா."

"கொள்ளாம், நல்ல காரியந்தான்" என்றார். "அந்தத் தோள்பட்டையில இன்னும் கொஞ்சம் போடு."