அர்ச்சனைக்கு ஒரு பெயர்

மலையில் சிக்னல் இருக்காது என்று நம்பித்தான் வரதராசா அண்ணை அந்தப் பயணத்தை எனக்குத் தந்தார். முப்பது வருடமாகச் சுவிஸில் இருக்கிற மனுசன். இந்த நாட்டில் மாட்டுக்கொட்டிலுக்குள்ளேயும் சிக்னல் வரும் என்பது அவருக்குத் தெரியாததா? பதற்றம் வந்தால் மூளை முன்னுக்குப் போகாது, பின்னுக்குத்தான் போகும்.

என் பெயர் மரியகொறற்றி. எம்மன்புரூக்கேயில் இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மிச்ச நாட்களில் என் வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இடங்கள் காட்டுவேன். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற எங்கள் சனத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும். காலையில் ஐன்சீடல்ன் கறுப்பு மாதா, மத்தியானம் றிகி மலை, பின்னேரம் சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள முருகன் கோயில். நான் மன்னார் வேதக்காரி, கத்தோலிக்கம். ஆனாலும் முருகனுக்கு எத்தனை மணிக்குத் திரை விலகும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பாடனில் அவர்களுடைய மாடிவீட்டுக்குக் கீழே வானை நிறுத்தியபோது வரதராசா அண்ணை தனியாக நின்றார். கண் வீங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிற அவருடைய அக்கா பரமேஸ்வரியைத்தான் நான் கூட்டிப்போக வேண்டும். சனிக்கிழமை அண்ணையின் மகள் சரணியாவுக்குக் கலியாணம். அதற்காக வந்தவர்.

"கொறற்றி, அக்கா இறங்கி வர முதல் ஒண்டு சொல்லவேணும்," என்றார். "அத்தார் ராத்திரி மோசம் போயிட்டார்."

செத்துப்போனது பரமேஸ்வரி அக்காவின் புருசன். சிறுநீரக வருத்தக்காரர், கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கிறவர், அதனால்தான் கலியாணத்துக்கு வரவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லாதையுங்கோ. அவவின்ரை போனைப் பழுதெண்டு வாங்கி வைச்சிருக்கிறன். நீங்களும் உங்கட போனைக் குடுக்காதையுங்கோ. சனிக்கிழமை முடியட்டும், நானே காலில விழுந்து சொல்லுறன்."

"செத்தவீடு எப்ப?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை."

"அண்ணை, அந்த மனுசிக்குக் கடைசியா முகம் பாக்கிற உரிமை இல்லையோ?"

"மாமிதான் பொம்பிளை மாப்பிள்ளைக்கு முதல் ஆலாத்தி எடுக்கவேணுமெண்டு சரணியா ஒற்றைக்காலில நிக்கிறாள். இவ தாலி கழட்டினவ எண்டா மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லுவினம்? சகுனம் சரியில்லை எண்டு பிள்ளையின்ரை தலையில கட்டிப்போடுவினம். ஊர் வாயை மூட உலைமூடி கிடக்கோ?" சொல்லிக்கொண்டே அழுதார். அந்த அழுகை நடிப்பில்லை. அத்தாரின் சைக்கிள் பாரில் இருந்துதான் அவர் பள்ளிக்கூடம் போனவராம்.

நான் ஓம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல். குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்கிற புத்திதான். அந்தப் புத்தி எப்போதும் கோழைக்கு வசதியான புத்தி.

பரமேஸ்வரி அக்கா இறங்கி வந்தார். அறுபதைத் தாண்டிய மனுசி, சேலைக்கு மேலே சரணியாவின் குளிர்க்கோட்டு, நெற்றி நிறையக் குங்குமம். கைப்பையில் பாஸ்போட்டையும் வைத்திருந்தார். வெளியே போனால் பொலிஸ் மறிக்கும் என்று யாரோ பயம் காட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் முன் சீற்றில் ஏறி, "பிள்ளை, மெதுவா ஓடுங்கோ, நான் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு போய் அவருக்குச் சொல்லவேணும்," என்றார்.

வாசலிலேயே இப்படி ஒரு அடி.

ஐன்சீடல்னில் கறுப்பு மாதாவைப் பார்த்ததும் அக்காவுக்குக் கை தானாகத் தலைக்கு மேலே போயிற்று. "எங்கட அம்மன்தான் பிள்ளை. ஆர் என்ன பேர் வைச்சாலும் முகத்தைப் பாத்தாத் தெரியாதோ?" மெழுகுதிரி வாங்கி, தன் புருசனின் சுகத்துக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக் கொளுத்தினார். நானும் பக்கத்தில் ஒன்று கொளுத்தினேன். ஆருக்கு என்று கேட்டார். தெரிந்த ஒருவருக்கு என்றேன். ஒரே மனுசனுக்கு இரண்டு மெழுகுதிரி, ஒன்று உடம்புக்கு, மற்றது ஆத்துமாவுக்கு. மாதாவே, எது உமக்கு முதலில் கேட்கும் என்று மனசுக்குள் சண்டை பிடித்தேன்.

கோல்டாவிலிருந்து பற்சக்கர ரயிலில் மலை ஏறினோம். அக்கா யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டே வந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. புருசன் தேத்தண்ணி போட்டால் சீனி கூடப் போடுவார், தனக்கு வைத்தியர் சீனியை நிற்பாட்டினதால் மனுசிக்காவது இனிக்கட்டும் என்று. இந்தப் பயணத்துக்கு அவர்தான் பிடித்துத் தள்ளினாராம். "நீ போய்ப் பனிமலை பாத்து வந்து எனக்குச் சொல்லு, நான் கண்ணை மூடிக்கொண்டு பாக்கிறன்" என்றாராம். அக்கா ஒருதரம்கூட அவருடைய பெயரைச் சொல்லவில்லை. அவர், எங்கட அவர், வீட்டுக்காரர். அந்த வயதில் ஊரில் எந்த மனுசி சொல்லுகிறாள்?

உச்சியில் வெயில் பளிச்சென்றிருந்தது. ஏரிகள் கீழே, பனிமலைகள் எதிரே. வேலிக்கரையில் ஒரு ஜப்பான் புருசன் பெண்சாதி மலைகளைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்கள்.

"அவையும் மலையைக் கும்பிடுறவையோ?" அக்காவுக்கு ஆச்சரியம்.

"ஓம் அக்கா. அவையின்ரை ஊரில மலையடியில சிவப்பு வாசல் கட்டி வைச்சிருப்பினமாம். அதுக்குள்ளால போனாக் கோயில்." முன்பு நான் கூட்டி வந்த ஜப்பான்காரர் சொன்னது.

"அப்ப நானும் கும்பிடுறன்," என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் கல்லில் நின்று கும்பிட்டார். பிறகு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். "உதை இப்பவே அவருக்கு அனுப்பிவிடுங்கோ. இண்டைக்கு ஆஸ்பத்திரி நாள். படுத்துக் கிடந்து பாப்பார்."

"சிக்னல் இல்லை அக்கா."

சொன்ன வாய் மூடவில்லை, அந்த ஜப்பான் பெண் போனைத் தூக்கிப் பிடித்து, திரையில் யாரோ ஒரு குழந்தையோடு சத்தமாகச் சிரித்துக் கதைத்தாள். அக்கா அவளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அவையின்ரை நல்ல போனாக்கும்," என்றார் அக்கா. "பரவாயில்லைப் பிள்ளை. கீழ போய் அனுப்புவம்."

சந்தேகப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன். நம்பிவிட்டார். கழிப்பறைக்குப் போகிறேன் என்று ஒதுங்கி வரதராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள எவ்வளவு நேரம் மறைக்கிறது? என்னால ஏலாது. மற்றது, பின்னேரம் கோயிலெல்லோ? செத்த துடக்கோட, அந்தத் தீட்டோட எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

"காதில விழுந்தாத்தான் துடக்கு. தெரியாத வரைக்கும் இல்லை," என்றார். சட்டத்தரணி தோற்றுப்போவார். "அர்ச்சனை செய்யாமல் வந்தா அவவுக்குச் சந்தேகம் வரும். நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு உதெல்லாம் என்ன?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். எனக்குத் துடக்கு இல்லைதான். ஆனால் இருக்கிறவருக்கு அது என்னவென்று எனக்குத் தெரியும். கலியாணம் முடிந்து உண்மை தெரியவரும்போது இந்த மனுசி புருசன் செத்ததற்கு மட்டுமா அழுவார்? பிணம் வீட்டில் கிடக்க நான் கோயிலுக்குள் போய்ப் பூக் கொடுத்தேனே என்று காலம் முழுக்கத் தன்னையே தின்பார். அண்ணை காலில் விழுந்தால் அது தீருமா?

மலையிறங்கி வானில் சூரிச் பக்கம் ஓடினோம். சீல் ஆற்றங்கரைப் பாதையில் வைத்து அக்கா கைப்பையைத் திறந்தார்.

"பிள்ளை, ஒரு உதவி. ஐயர் அர்ச்சனைக்குப் பேர் கேப்பார். ஊரில எண்டால் ஐயருக்கே தெரியும், நான் நட்சத்திரம் மட்டும் சொன்னாக் காணும். இஞ்ச தெரியாதெல்லோ. எனக்கு அவரின்ரை பேர் வாயில வராது. நாப்பது வருசமாச் சொல்லிப் பழக்கமில்லை." வெட்கத்தோடு சிரித்தார். "நீங்கள் சொல்லிவிடுங்கோ. என்ரை பாஸ்போட்டில என்ரை பேரோட அவரின்ரை பேரும் கிடக்கு. அனுச நட்சத்திரம்."

பாஸ்போட்டை என் மடியில் வைத்தார். சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தேன். பரமேஸ்வரி குணரத்தினம்.

இதுவரை நான் மறைத்தேன், அவ்வளவுதான். இனி நான் முருகனுக்கு முன்னால் நின்று, செத்த மனுசனின் பெயரைச் சொல்லி, நீண்ட ஆயுள் கேட்க வேண்டும். அந்தப் பொய்யை என் வாயால் சொல்ல வேண்டும். பச்சை விழுந்தும் நான் நகராமல் நிற்க, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

கோயில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருக்கிறது. வாசலில் செருப்புத் தட்டு, கால் கழுவக் குழாய். உள்ளே மணிச்சத்தம் கேட்டது. அக்கா அர்ச்சனைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் கழுவி, படியில் வலது காலை வைக்கத் தூக்கினார்.

"அக்கா, உள்ளுக்குப் போகாதையுங்கோ."

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன பிள்ளை, உங்களுக்குச் சுகமில்லாத நாளோ? முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப நீங்கள் இதிலை நில்லுங்கோ, நான் எப்பிடியாவது பேரைச் சொல்லப் பாக்கிறன்," என்றார்.

"எனக்கில்லை அக்கா," என்றேன். "உங்களுக்குத்தான்."

அறுபது தாண்டிய மனுசி கோயிலுக்குள் போகக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூக்கின கால் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் படியிலிருந்து விலகிக் கீழே வந்தது. தட்டில் தேங்காய் உருண்டது, விழவில்லை. என் கையிலிருந்த பாஸ்போட்டை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஆர் என்று அவர் கேட்கவில்லை.

"எடுத்துப்போட்டினமோ?" என்றுதான் கேட்டார்.

"இல்லை அக்கா. வியாழக்கிழமை."

"தம்பிக்குத் தெரியுமோ?"

நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் தட்டைச் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். கோயில் சுவரில் கை படாமல் நாலு அடி தள்ளிப் போய் நின்று, அதற்குப் பிறகுதான் அழுதார். வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு, கோயிலுக்குள் கேட்டுவிடக் கூடாது என்று. நான் போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என் கையை உதறவில்லை.

வானில் ஏறியதும் வரதராசா அண்ணைக்கு நானே போன் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் கத்தியது எனக்கும் கேட்டது. அக்கா கத்தவில்லை. "தம்பி, சரணியாவை நான் நல்லா இருக்கச் சொன்னனான் எண்டு சொல்லு. ஆலாத்தியை வேறை ஒரு சுமங்கலியைக் கொண்டு எடுப்பி. என்ரை பெட்டியைப் பிறகு அனுப்பு," என்றார். போனை என்னிடம் தந்துவிட்டு, "எயாப்போட்டுக்கு விடுங்கோ," என்றார். அண்ணை இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பாடன் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு பயணமும் வருவதில்லை. போகட்டும்.

விமான நிலையத்தில் திரும்பிப்போகிற டிக்கெட்டை அன்று மாலைப் பறப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பிள்ளை. மரணம் என்றால் இடம் தேடிப் பார்க்கலாம் என்றாள். விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, இறந்தவர் ஆர், பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிற்பாட்டினார். கண்ணாடிக்குக் கிட்டப் போனார்.

"குணரத்தினம்," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டாள். அக்கா சொன்னார்.