ஊரில எவடம்?

என் கணவர் தவராஜாவுக்கு ஒரு தமிழ் முகம் கண்ணில் பட்டால் போதும், வாய் சும்மா இராது. அவருக்கும் தங்கமலராகிய எனக்கும் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்ததென்று டென்மார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்கு வந்திருந்தோம். மகள் நிலக்சிக்குப் பரீட்சை. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் என்ற இடத்திலுள்ள எங்கள் வீட்டில் அவள் தனியே நின்றாள்.

சாந்தோ டொமிங்கோவில் மினிபஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்தில் மாம்பழம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தமிழோ?" என்றார். இவருக்கு அது போதாதா?

"ஊரில எவடம் அண்ணை? கொக்குவிலோ?"

"ஓம்."

"ஸ்ரேசனடியோ?"

"ஓம், ஓம்."

"அப்ப எங்கட சின்னமாமாவைத் தெரிஞ்சிருக்குமே!"

"தெரியாமலே?"

பஸ் வந்தது. மூவரும் நெருக்கியடித்து ஏறினோம். உள்ளே பாட்டு காதைப் பிளந்தது. அதற்கு மேலால் கத்திக் கத்தி, எங்கள் கட்டடம், எத்தனையாம் மாடி, மகள் தனியே நிற்பது, நாங்கள் ஞாயிறுதான் திரும்புவது எல்லாவற்றையும் இவர் கொட்டித் தீர்த்தார். அந்த மனிதர் நாளைக்கே ஐரோப்பாவுக்குப் போவதாகச் சொன்னார்.

"கோப்பன்ஹேகன் பக்கம் வந்தா எங்கட வீட்டைதான் நிக்கவேணும்!"

போதும் என்று இவரை முழங்கையால் இடித்தேன். ஆனாலும் ஊர்க்காரரின் முகத்தை முறிக்கலாமா என்று நானும் பல்லைக் காட்டித் தலையாட்டினேன். அந்தப் பாழாய்ப்போன மரியாதைக்காக என்னை நானே அறையவேண்டும்.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டில் இருந்தபோது நிலக்சி அழைத்தாள். "அம்மா, அப்பாவின்ர கொக்குவில் ஆள் வந்திருக்கிறார். சின்னமாமாவின்ர சினேகிதராம். தேத்தண்ணி குடுத்திருக்கிறன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கிறன், கதையுங்கோ."

"இஞ்சாருங்கோ, அந்தாளின்ர பேர் என்ன?" என்று இவரைக் கேட்டேன்.

"பேரைக் கேக்கேல்லையே" என்றார் இவர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐரோப்பாவுக்குப் போவதைத் தவிர அந்த மனிதர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொக்குவிலையும் ஸ்ரேசனடியையும் சின்னமாமாவையும் எடுத்துக் கொடுத்தது இவர்தான். அவர் ஓம் மட்டும் போட்டார்.

மகள் டேனிஷில் கதைத்தால் ஏசுகிற நான், அவருக்கு விளங்கக்கூடாதென்று டேனிஷில் சொன்னேன்: "சப்பாத்துக்கூடப் போடாதே. இப்பவே வெளியே ஓடு."

மறுமுனையில் கதிரை ஒன்று இழுபட்டது. அந்த மனிதர்தான் பேசினார், சுத்தமான டேனிஷில்.

"கதவைப் பூட்டிவிட்டேன், தங்கமலர்."